ஒரு பலகை... ஐம்பது வீட்டுச் சுவர்!



உங்கள் வீட்டு மண்டபச் சுவரை ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். கஃபாவின் படம் இருக்கும். ஆயத்துல் குர்ஸி பொன்னெழுத்தில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கும். நகைக்கடையோ புடவைக்கடையோ கொடுத்த நாட்காட்டி ஒன்று ஆணியில் தொங்கும். சரி, நாம் பிறந்து வளர்ந்த ஊரின் படம் எங்கே? உம்மம்மா தண்ணீர் அள்ளிய கிணறு, வாப்பா மாலையில் காற்று வாங்கப் போன கடற்கரை, பள்ளிக்கூடம் போகும் வழியில் நின்ற பனைமர வரிசை, இவற்றில் ஒன்றாவது அந்தச் சுவரில் உண்டா?

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சற்று நேரம் பேச்சே வராது. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் நகரில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி. கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். உடுத்த உடுப்போடும் கையில் கொஞ்சக் காசோடும் சோனகத் தெரு காலியானது. வடமாகாணம் முழுவதிலுமாக 70,000க்கும் மேற்பட்டோர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்களும் கொட்டும் மழையில் ஊரைவிட்டு நடந்தார்கள். இரு சாராரும் விட்டுவிட்டு வந்தவற்றில் சுவரில் தொங்கிய படங்களும் அடக்கம். பாத்திரம் பண்டத்தை மறுபடி வாங்கிக் கொள்ளலாம். படம் போனால் போனதுதான்.

2002 போர் நிறுத்தத்துக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் சில குடும்பங்கள் திரும்பிப் போயின. மற்றவர்கள் புத்தளத்தில், நீர்கொழும்பில், கொழும்பில், கடல் கடந்த ஊர்களில். இப்படிச் சிதறிய ஒரு குடும்பத்தில் ஊரைத் தீட்டிய ஓவியம் ஒன்று எப்படியோ மிஞ்சியிருந்தால் அங்கே வேறொரு சிக்கல். அதை யார் வைத்துக் கொள்வது? மூத்த ராத்தாவா, கடைசித் தம்பியா? கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிட்டால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அனுப்பலாம். அடுத்த வாரமே அது ஆயிரம் படங்களுக்குக் கீழே புதைந்துவிடும்.

அந்த ஓவியத்தைப் பார்த்து நீங்களே ஒரு பலகையில் செதுக்கி, மை தடவி, ஐம்பது பிரதி அச்சடித்து, ஐம்பது வீட்டுக்கும் அனுப்ப முடியும் என்றால்? முடியும். லினோ அச்சு என்று அதற்குப் பெயர். செலவு குறைவு, பெரிய இயந்திரம் வேண்டாம், சாப்பாட்டு மேசையிலேயே செய்துவிடலாம். அதைத்தான் இம்மாதம் உங்களோடு பேசப் போகிறேன்.

இது நமக்கு ஆகுமா?

படம் என்றதும் சிலருடைய முகம் சுருங்கும். நியாயமான தயக்கம்தான். ஆனால் நாம் பேசுவது நிலக்காட்சி. கையால் படம் வரைந்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டபோது, மரங்களையும் உயிரில்லாத பொருள்களையும் வரையும்படி அவர்கள் வழி சொன்ன செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. டமஸ்கஸ் நகரின் உமையாப் பள்ளிவாசலைக் கலீஃபா வலீத் கி.பி. 705க்கும் 715க்கும் இடையில் கட்டுவித்தார். அதன் முற்றத்துச் சுவர்களில் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதித்துச் செய்த மாபெரும் நிலக்காட்சி இன்றும் இருக்கிறது. ஆறு ஓடுகிறது, பெரிய பெரிய மரங்கள் நிற்கின்றன, மாளிகைகளும் பாலங்களும் தெரிகின்றன. ஒரு மனிதரோ மிருகமோ அதில் இல்லை. பள்ளிவாசல் சுவருக்கே நிலக்காட்சி அழகு சேர்த்திருக்கிறது என்றால் நம் மண்டபச் சுவருக்கு என்ன குறை!

அச்சும் நமக்குப் புதிதல்ல. கி.பி. 10ஆம் நூற்றாண்டளவிலேயே எகிப்தில் குர்ஆன் வசனங்களை அச்சில் வார்த்துக் கடதாசியில் பதித்துத் தாயத்தாக விற்றிருக்கிறார்கள். (தாயத்துக் கட்டலாமா கூடாதா என்ற வழக்கை இங்கே இழுக்க வேண்டாம், சகோதரிகளே!) ஐரோப்பாவில் கூட்டன்பர்க் அச்சு இயந்திரம் வைப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய கதை இது.

யாழ்ப்பாணத்தின் பழைய அச்சுப் படங்கள்

யாழ்ப்பாண நிலக்காட்சியும் அச்சும் முதலில் சந்தித்தது ஒல்லாந்தர் காலத்தில். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களோடு வந்த பால்டேயஸ் என்ற பாதிரியார் சில ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டு, ஊர் திரும்பி, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, நல்லூர் என்று யாழ்ப்பாணத்து ஊர்களின் தேவாலயங்களும் அவற்றின் சுற்றுப்புறங்களும் அந்த நூலில் செப்புத்தகட்டுப் படங்களாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்தைக் கண்ணாலேயே காணாத செதுக்குக்காரரும் அந்நாளில் வரைபடத்தைப் பார்த்துத் தகட்டில் கீறிவிடுவார். ஆகவே அத்தகைய படங்களில் மரங்கள் ஐரோப்பிய மரங்களின் சாயலில் இருந்தால் வியப்பில்லை. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் செதுக்கும்போது எது காணாமற் போகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஊரைத் தெரிந்தவரே செதுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம்.

இருபதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கல்வி வேரூன்றியது. இலங்கையின் தலைமை ஓவியப் பரிசோதகராக 1920களில் இருந்த வின்சர் என்ற ஆங்கிலேயர் கல்லச்சில் படம் போடுவதில் கைதேர்ந்தவர். அவர் பெயரால் 1938இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் ஒன்றைத் தொடங்கினார் எஸ்.ஆர். கனகசபை. பின்னாளில் ஓவியர் அ. மாற்கு (1933–2000) பல தலைமுறை மாணவர்களுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். யாழ்ப்பாணத்து வீடுகளில் பாடசாலை ஓவிய ஆசிரியர் தீட்டிய நீர்வண்ண நிலக்காட்சி ஒன்று தொங்கியது என்றால் அதற்குப் பின்னால் இந்தப் பரம்பரை இருக்கிறது.

தரைவிரிப்பு படமான கதை

லினோ என்பது லினோலியத்தின் சுருக்கம். பழைய ஆஸ்பத்திரி வார்டுகளிலும் வெள்ளைக்காரர் பங்களாக்களிலும் தரையில் விரித்திருந்த பொருள்தான் அது. இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் என்பவர் 1860களில் காப்புரிமை பெற்றுச் செய்தார். வர்ணத் தகரத்தின் மேல் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து தோல் போலப் படிந்திருப்பதைப் பார்த்தபோது அவருக்கு இந்த யோசனை பிறந்ததாம். காய்ந்த ஆளிவிதை எண்ணெயோடு தக்கைத் தூளைச் சேர்த்துப் பிசைந்து, சணல் துணியின் மேல் அழுத்தித் தகடாக்குகிறார்கள்.

மரத்தில் செதுக்கினால் நார் குறுக்கே வரும், கத்தி வழுக்கும், பழக்கம் வேண்டும். லினோவில் நாரே இல்லை. எந்தத் திசையிலும் வெண்ணெய்க் கட்டியை வெட்டுவது போலப் போகும். வியன்னா நகரில் பிரான்ஸ் சீசெக் என்ற ஆசிரியர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிறுவர்களுக்கு இதைக் கற்பித்தார். பெரிய ஓவியர்கள் ஆரம்பத்தில் இதைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். பிறகு அவர்களே இதற்கு வந்தார்கள். சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் 1930இல் காந்தியடிகளின் உப்பு யாத்திரையை லினோவில் செதுக்கினார். கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகள் மட்டுமே. இந்தியா முழுவதும் அது தெரிந்த படமாயிற்று.

ஓவியத்தைப் பார்த்து லினோ செய்வதற்கும் பெரிய முன்மாதிரி இருக்கிறது. 1958இல் பிக்காசோவுக்கு ஒரு தபாலட்டை வந்தது. 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் இளைய கிரானாக் தீட்டிய ஒரு பெண்ணின் படம் அதில் இருந்தது. அதைப் பார்த்துப் பிக்காசோ லினோவில் செதுக்கினார், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை என்று. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருத்துவது அவருக்கே பெருந்தொல்லையாக இருந்தது. அடுத்த ஆண்டே ஒரே பலகையைச் சிறிது செதுக்கி ஒரு நிறம், இன்னும் செதுக்கி அடுத்த நிறம் என்ற முறைக்கு மாறினார். பிக்காசோவுக்கே அந்தப் பாடு என்றால், முதல் முறை செய்யும் நாம் கறுப்பு ஒன்றோடு நிறுத்திக் கொள்வது புத்திசாலித்தனம்.

ஓவியத்தை எப்படிப் படிப்பது?

நீர்வண்ணக்காரர்களுக்குப் பிடித்தமான ஒரு காட்சியை எடுத்துக் கொள்வோம். யாழ்ப்பாணக் கோட்டை மதிலின்மேல் நின்று தெற்கே பார்க்கிறோம். காலடியில் முருகைக் கல் மதிலின் விளிம்பு. அதற்கப்பால் கடல்நீரேரி. வலப்பக்கம் பண்ணைப் பாதை தண்ணீருக்கு நடுவே தீவுப்பக்கம் ஓடுகிறது. தூரத்தில் மண்டைதீவு ஒரு மெல்லிய கோடு. மீதி முழுவதும் வானம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். அதனால் அங்கே எந்த ஓவியர் எந்தத் திசையில் உட்கார்ந்தாலும் கடதாசியில் பெரும்பகுதியை வானம்தான் பிடித்துக் கொள்ளும். ஓவியருக்கு அது வரம். நீலத்தைத் தண்ணீரில் கரைத்து ஓடவிட்டால் வானம் வந்துவிடும். லினோக்காரிக்கு அது சோதனை. நம்மிடம் நீலமும் இல்லை, கரைதலும் இல்லை. மை ஒட்டும் இடம், ஒட்டாத இடம், இரண்டே இரண்டு.

ஆகவே முதல் வேலை கத்தியை எடுப்பதல்ல, கண்ணைச் சுருக்குவது. ஓவியத்தை எதிரே வைத்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, இருட்டாக நாலைந்து திட்டுகளும் வெளிச்சமாக நாலைந்து திட்டுகளும் தெரியும். அந்தத் திட்டுகளைக் கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒரு கடதாசியில் போடுங்கள். இப்படி மூன்று நான்கு தரம் போட்டுப் பார்த்தால்தான் எது படத்தைத் தாங்கி நிற்கிறது என்று பிடிபடும். நம் கோட்டைக் காட்சியில் மதில் விளிம்பு முழுக் கறுப்பு. பண்ணைப் பாதை கறுப்புக் கோடு. தண்ணீர் பாதிக்குப் பாதி. வானம் வெள்ளை, ஆனால் வெறும் வெள்ளை அல்ல.

அந்த வானத்துக்கு லினோவில் ஒரு அருமையான வழி இருக்கிறது. பலகையில் வேண்டாத இடத்தைத் தோண்டி எடுக்கும்போது கத்தி போன தடங்களுக்கு இடையே மெல்லிய வரம்புகள் மிஞ்சும். மை தடவும்போது அந்த வரம்புகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு அச்சில் சிறு கீற்றுகளாக விழும். இதைப் பிழை என்று நினைத்துச் சுரண்டிச் சுத்தமாக்குகிறவர்கள் உண்டு. சுரண்டாதீர்கள். கத்தியை அடிவானத்துக்கு இணையாக நீளமாக ஓட்டித் தோண்டினால் அந்தக் கீற்றுகளே சோழகக் காற்றில் இழுபடும் மேகமாகிவிடும். தண்ணீருக்கும் அதே வழி. அருகில் அகலமான கோடுகள், தூரம் போகப் போக மெல்லியவை, அங்கங்கே அறுந்தவை. கோடு அறுபடும் இடத்தில்தான் வெயில் மின்னும்.

பனைமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழக்கமில்லாத கை பனை என்று தொடங்கித் தென்னையைச் செதுக்கிவிடும். தென்னோலை இறகு போல நீண்டு தொங்கும். பனையோலை விசிறி. பனையின் தலை உருண்டையானது, ஓலை நுனிகள் ஈட்டி போல எல்லாப் பக்கமும் நீட்டி நிற்கும். கறுப்புத் திட்டாக ஒரு வட்டத்தை விட்டு, நடுவிலிருந்து வெளியே ஊசிக் கோடுகளைச் செதுக்கினால் பனை வந்துவிடும். கீழே காய்ந்த ஓலை இரண்டு தொங்கட்டும். தண்டு நேராக இருக்க வேண்டும். குடாநாட்டுக்காரர் அந்தத் தண்டைப் பார்த்தே படம் ஊர்ப்படமா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

கிடுகு வேலியா? குறுக்கும் நெடுக்குமான கோடுகள் போதும், முழு வேலியையும் பின்ன வேண்டாம். ஓர் ஓரத்தில் நாலு விரற்கடை அளவு காட்டினால் மீதியைக் கண்ணே பின்னிக்கொள்ளும். துலாக் கிணறு லினோவுக்கென்றே பிறந்த உருவம். ஒரு நிமிர்ந்த கோடு, ஒரு சரிந்த கோடு, ஒரு வட்டம்.

இடம் வலம் மாறும்!

அச்சில் எல்லாம் தலைகீழாக, அதாவது இடம் வலமாக மாறிவிழும். பலகையில் வலப்பக்கம் செதுக்கிய பண்ணைப் பாதை அச்சில் இடப்பக்கம் வரும். வெளியூர்க்காரருக்கு ஒன்றும் தெரியாது. அந்த மதிலில் நின்று மாலை பார்த்த உங்கள் மாமாவுக்கு உடனே தெரியும். தெற்கே பார்த்தால் மேற்கு வலப்பக்கம். பாதை இடப்பக்கம் போனால் அவருக்கு அது வேறு ஊர்.

தீர்வு எளிது. ஓவியத்தின் மேல் மெல்லிய ட்ரேசிங் பேப்பரை வைத்து, மென்மையான பென்சிலால் கோடுகளை எடுங்கள். பேப்பரைக் கவிழ்த்துப் பென்சில் பக்கம் லினோவில் படும்படி வைத்து, பின்பக்கம் கரண்டியால் தேயுங்கள். பென்சில் தடம் லினோவில் மாறிப் பதியும். அதை அப்படியே செதுக்கினால் அச்சில் சரியாக வரும். ஓவியம் பெரிதாக இருந்தால் அஞ்சலட்டை அளவுக்குச் சுருக்கிய போட்டோப் பிரதி எடுத்து அதன்மேல் வேலை செய்யுங்கள்.

எழுத்துச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. தமிழோ அரபியோ, பலகையில் கண்ணாடியில் பார்ப்பது போலத்தான் செதுக்க வேண்டும். அல்லாஹ்வின் பெயரையும் ஆயத்துகளையும் பலகையில் செதுக்காமல் விடுவதே நல்லது என்பேன். சோதனைப் பிரதிகள் பத்து விழும், செதுக்கிய துகள் தரையில் விழும், எல்லாம் குப்பைக்குப் போகும். வாழ்த்தைப் பிறகு பேனாவால் எழுதிக் கொள்ளலாம்.

கத்தியும் கையும்

லினோ தகடு கொழும்பிலும் சென்னையிலும் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் சிறு துண்டுகளாகக் கிடைக்கும். சுமார் மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. தரைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பைக் கடைக்காரர் லினோ என்று சொல்லித் தந்தால் வாங்காதீர்கள். பின்பக்கத்தில் சணல் துணி இருக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் வழுவழுப்பான ரப்பர்த் தகட்டிலும் செதுக்கலாம். பிள்ளைகளுக்குப் பென்சில் அழிக்கும் பெரிய ரப்பர் போதும்.

உளிகள் இரண்டு வேண்டும். வாய் கூரிய சிறிய உளி கோடு போட, வாய் வளைந்த அகல உளி இடத்தைத் தோண்ட. உடைந்த குடைக் கம்பியைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவே பள்ளமாக இருக்கும். அதை விரல் நீளத்துக்கு வெட்டி, நுனியைக் கல்லில் தீட்டி, மரப்பிடியில் சொருகினால் அருமையான தோண்டும் உளி.

பழைய லினோ குளிரில் விறைத்து உடையும். வெயிலில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் இளகிவிடும். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஐந்து நிமிடமே அதிகம்! முதலில் எல்லாக் கோடுகளையும் கூர் உளியால் மெல்லக் கீறுங்கள். பிறகு வெள்ளையாக வேண்டிய இடங்களைத் தோண்டுங்கள். தடிப்பில் பாதி ஆழம் போதும், சணல் தெரியக் கூடாது. வளைவு வரும் இடத்தில் கையைத் திருப்பாமல் பலகையைத் திருப்புங்கள்.

இடக்கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். நூறு முறை சொன்னாலும் மறக்கும் விஷயம் இது. பலகையைப் பிடிக்கும் கை உளிக்கு முன்னால் வந்தால், உளி வழுக்கும் அந்த ஒரு கணத்தில் உள்ளங்கை கிழியும். மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும்படி இரண்டு சட்டம் அடித்த பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கினால் லினோ நகராது. சின்னப் பிள்ளைகளிடம் உளியைக் கொடுக்காதீர்கள். மை தடவும் வேலையை அவர்களுக்கு விடுங்கள், சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள்.

மையும் கரண்டியும்

உங்கள் ஊர் அச்சகத்தில் கறுப்பு மை கொஞ்சம் கேட்டு வாங்கலாம். கெட்டியான எண்ணெய் மைதான் நல்லது. நீரில் கரையும் மை நம் வெக்கையில் பலகையிலேயே காய்ந்து போகும். கண்ணாடித் துண்டிலோ பழைய தரை ஓட்டிலோ மையை வைத்து ரப்பர் ரோலரால் மெல்லியதாகப் பரப்புங்கள். மை அளவாக இருந்தால் ரோலர் உருளும்போது மெல்லிய 'சர்ர்' என்ற சத்தம் வரும். அதிகமானால் சத்தம் ஈரமாக, வழுக்கலாக இருக்கும். அப்போது நுண்ணிய கோடுகள் அடைந்துவிடும்.

பலகைக்கு மை தடவி, மேலே கடதாசியை வைத்து, மரக் கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாகத் தேயுங்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மை, மறுபடி கரண்டி. முதல் இரண்டு பிரதியும் சோகையாகத்தான் விழும். நாலாவது ஐந்தாவதில் கறுப்பு நிறைந்து வரும். மிகத் தடித்த அட்டை கரண்டிக்கு மசியாது. மெல்லிய, மை உறிஞ்சும் கடதாசியே ஏற்றது. அந்தக் கரண்டி மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது, சொல்லிவிட்டேன்!

அச்சைத் துணிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். எண்ணெய் மை காய இரண்டு மூன்று நாள் ஆகும். நன்றாகக் காய்ந்த பின் நிறம் வேண்டுமென்றால், நீர்வண்ணத்தை மெல்லக் கரைத்து வானத்துக்கு ஒரு பூச்சு, செம்மண்ணுக்கு ஒரு பூச்சு கொடுக்கலாம். எண்ணெய் மை தண்ணீரைத் தள்ளும் என்பதால் கறுப்பு கலங்காது. பெருநாள் வாழ்த்து மடலாக மடித்தால் கடையில் வாங்கும் மடலெல்லாம் அதற்கு முன் நிற்காது. கை தேர்ந்துவிட்டால் விற்கவும் செய்யலாம். கோடீஸ்வரியாகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை, கடதாசிக் காசும் மைக் காசும் வரும், அதற்கு மேல் கொஞ்சம் மிஞ்சும்.

யாருடைய படம்?

இன்னொருவர் தீட்டிய ஓவியத்தைத் தழுவும்போது ஒரு அமானிதம் நம் கையில் இருக்கிறது. ஓவியர் உயிரோடிருந்தால் கேட்டுச் செய்யுங்கள். காலமானவர் என்றால் அவர் வாரிசுகளிடம் கேளுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஓவியர் காலமான பின் 70 ஆண்டு வரை உரிமை தொடர்கிறது. இந்தியாவில் அது 60 ஆண்டு. அச்சின் கீழே இன்னாரின் ஓவியத்தைத் தழுவியது என்று பென்சிலால் எழுதுவது மரியாதை. அதே வரியில் எண்ணையும் போடுங்கள். 50 பிரதியில் மூன்றாவது என்றால் 3/50. உலகெங்கும் அச்சோவியர்கள் கைக்கொள்ளும் வழக்கம் இது.

ஓவியமே மிஞ்சாதவர்கள் என்ன செய்வது? இங்கே ஒரு நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த வடபகுதி மக்களிடம் போய், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போட்டுத் தரும்படி கேட்டார். அப்படிச் சேர்ந்த 80 வீடுகள் 2011இல் ஒரு நூலாயின. தோம்பு என்ற ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டின் பெயரையே அதற்கு வைத்து, முடிவுறாத தோம்பு என்றார். ஓவியம் படிக்காத சாதாரண மக்கள் போட்ட கோடுகள் அவை. கிணறு எங்கே, முற்றம் எங்கே, மாமரம் எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் உம்மாவிடமோ வாப்பும்மாவிடமோ ஒரு கடதாசியும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். எனக்கு வரையத் தெரியாது என்பார்கள். வரைய வேண்டாம், வீட்டு வாசலில் நின்றால் இடப்பக்கம் என்ன தெரியும், வலப்பக்கம் என்ன தெரியும் என்று மட்டும் காட்டுங்கள் என்று கேளுங்கள். அவர்கள் போடும் கோணல் கோட்டோடு, அதே பகுதியைத் தீட்டிய யாராவது ஒருவரின் நிலக்காட்சியையும் பக்கத்தில் வைத்துக் கொண்டால் பலகைக்கு வேண்டியது கிடைத்துவிடும். வானமும் வெளிச்சமும் ஓவியத்திலிருந்து, கிணறும் வேலியும் உம்மாவின் கோட்டிலிருந்து. நினைவு மங்குமுன் கேட்டுவிடுங்கள். 1990இல் நாற்பது வயதிலிருந்தவர்களுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது.

வேலை முடிந்ததும் பலகையை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, காற்றாட வைத்து, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிப் படுக்கை நிலையில் வையுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் நாளடைவில் வெடிக்கும், நிறுத்தி வைத்தால் வளையும். நனைந்த துணியை அடுப்புக்குத் தூரமாகக் காயப்போட்டு அப்புறப்படுத்துங்கள். பலகையின் பின்புறச் சணலில் அழியாத பேனாவால் மூன்று விவரம் எழுதுங்கள்: இது எந்த இடம், எங்கே நின்று எந்தத் திசை பார்த்தது, இதுவரை எத்தனை பிரதி எடுத்தாயிற்று.